காலில் ஒரு நாடி

நூற்றி எழுபது, நூற்றி எழுபத்தொன்று, வலது கெண்டைக்கால் இன்னும் வாயைத் திறக்கவில்லை. திறக்கும். இருநூறுக்கும் இருநூற்றி இருபதுக்கும் நடுவில் எங்கேயாவது திறந்து கத்த ஆரம்பிக்கும், அதற்குள் எங்கள் சந்துமுனையைத் தாண்டிக் கீழமாசி வீதியில் ஏறிவிட வேண்டும். இத்தனை நாள் நடந்ததெல்லாம் பயிற்சி. இன்றைக்குத்தான் போகிறேன். டாக்டர் ஞானசிகாமணியின் கிளினிக்குக்கு. விளக்குத்தூணில் திரும்பி, தெற்குமாசி வீதியில் பாதி தூரம் போய், வலது கைப் பக்கச் சந்தில் மூன்றாவது வீடு. ஆறு மணிக்குக் கூடம் நிறைய ஆள் உட்கார்ந்திருப்பார்கள், அப்போது உள்ளே நுழைய வேண்டும். என் வீட்டு வாசலில் இருந்து ஆயிரத்து நூறு தப்படி. எண்ணிச் சொன்னது என் பெண்டாட்டி பஞ்சவர்ணம். காய்கறிக்குப் போகிற வழியில் எண்ணிக்கொண்டு வா என்றேன், எதற்கென்று கேட்காமல் எண்ணிக்கொண்டு வந்தாள். அவள் தப்படி சின்னது, எனக்கு ஆயிரம்கூட வராது. ஆறு மாசத்துக்கு முன்னால் பெரியாஸ்பத்திரியில் இருந்து வந்த புதிதில் அறுபது தப்படிக்கே கெண்டைக்காலைப் பிழிந்து காயப்போட்ட மாதிரி ஆகிவிடும். அந்தச் சின்ன வயது டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார்: "வலி வர்ற வரைக்கும் நடங்க. வந்தா கொஞ்சம் தாங்கிட்டு நின்னுருங்க, உக்கார வேணாம், நின்னாலே போயிரும். போனதும் மறுபடி நடங்க. தினமும் முப்பது நாப்பது நிமிஷம். அடைச்ச குழாயைச் சுத்திச் சின்னச் சின்னக் குழாயா ரத்தம் வழி கண்டுபிடிச்சுக்கும். இடது காலு மாதிரி வலது காலும் ஆகாம இருக்கணும்ல?" நடந்தேன். மழையில் நடந்தேன், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் நடந்தேன். சோலைராசுவுக்கு இவ்வளவு ஒழுக்கம் எங்கிருந்து வந்தது என்று தெருவே ஆச்சரியப்பட்டது. ஞானசிகாமணியிடம் இருந்து வந்தது. அறுபதை எண்பதாக்கியதும் எண்பதை இருநூறாக்கியதும் அந்த ஆளின் முகம்தான். அந்த முகத்துக்கு நேராக நின்று கேட்க வேண்டியதைக் கேட்க இந்தக் கால் போய்ச் சேர வேண்டும், அதற்காக நடந்தேன்.

இருநூற்றி ஒன்பது. திறந்துவிட்டது. நிற்கிறேன். நிற்பதற்கென்று ஒரு ஜவுளிக்கடையின் கண்ணாடி முன்னால் வந்து நிற்கிறேன், சும்மா நடுத்தெருவில் நின்றால் பைத்தியக்காரன் என்பார்கள், கண்ணாடி முன்னால் நின்றால் வேடிக்கை பார்க்கிறான் என்பார்கள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார், வெளிநாட்டில் இந்த நோய்க்கே கடை வேடிக்கை பார்க்கிற வியாதி என்று ஒரு பேர் உண்டாம். எனக்கென்று பார்த்து வந்திருக்கிறது. முப்பத்தோரு வருஷம் சேலைக் கடையில் நின்றவன் நான், கண்ணாடிக்கு உள்பக்கம். அந்தப் பொம்மைக்குச் சேலை கட்டியவனைக் கூப்பிட்டு அறைய வேண்டும், முந்தானையில் நல்ல சரிகையெல்லாம் உள்ளே மடிந்து கிடக்கிறது. "அண்ணே, உள்ள வாங்கண்ணே, ஆடித் தள்ளுபடி" என்று வாசலில் நிற்கிறவன் கூப்பிடுகிறான். அவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவன், "டேய், அது நம்ம சோலைராசு அண்ணன்டா. வாங்க மாட்டாரு. நம்ம கடை நிலவரத்தை நோட்டம் பாக்க வர்றாரு" என்கிறான். சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். கெண்டைக்காலுக்குள் எவனோ கயிற்றை முறுக்குகிறான், முறுக்கி இழுத்து ஒரு ஆணியில் கட்டப் பார்க்கிறான், நான் சிரிக்கிறேன். ஆடிக் கூட்டம் தோளை இடித்துக்கொண்டு போகிறது. யாராவது பாதத்தை மிதித்துவிட்டால்? இடது பாதத்தில் சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் இல்லை, கேன்வாஸ் ஷூவுக்குள் அந்த இடத்தில் பஞ்சு இருக்கிறது, பஞ்சுக்கு வலிக்காது. வலது பாதத்தில் ஐந்தும் இருக்கின்றன. தினமும் காலையில் பஞ்சவர்ணம் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த ஐந்தையும் விலக்கி விலக்கிப் பார்க்கிறாள், கறுப்பு ஏதாவது தட்டுப்படுகிறதா என்று. அவள் பேசாமல் பார்க்கிற அந்த அரை நிமிஷம் எனக்கு மூச்சு வராது. "ஒண்ணுமில்ல" என்று அவள் சொன்ன பிறகுதான் காப்பி. கயிறு தளர்கிறது. போயே போய்விட்டது. எவ்வளவு சமர்த்தான வலி, நின்றால் போகிறது. நின்றால் போகிறது என்பதில்தான் எல்லாம் இருந்தது, அதை ஞானசிகாமணி எனக்கு வைத்தியம் பார்த்த நாலு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி முதலில் இருந்து. நாலு வருஷம். முதல் வருஷம் இடுப்புக்கு பெல்ட், காலையில் கட்டினால் ராத்திரிதான் அவிழ்ப்பேன், சட்டைக்கு உள்ளே வேர்வை ஊறி இடுப்பைச் சுற்றிச் சிரங்கு வந்தது. "நாள் பூரா நிக்கிற வேலையில்ல? தண்டுவடத்துல தேய்மானம். நரம்பை அமுக்குது" என்றார். சரிதான் என்று நினைத்தேன். கடையில் எங்களுக்கு உட்கார ஸ்டூல் கிடையாது, அரசாங்கம் சட்டம் போட்ட பிறகு மூலையில் இரண்டு போட்டார்கள், அதில் கஸ்டமரின் கைப்பையை வைப்போம். அங்கே எல்லாருக்கும் கால் வலி உண்டு, யாருடைய வலி எந்த வலி என்று யாருக்குத் தெரியும். இரண்டாம் வருஷம் கட்டிலில் படுக்க வைத்து இடுப்பில் எடை கட்டி இழுத்தார்கள், பத்து நாள். மூன்றாம் வருஷம் ஊசி. அதோடு மாத்திரை, வயிறு புண்ணாகி அதற்கு ஒரு மாத்திரை. பஸ் ஸ்டாப்பில் இருந்து கடைக்கு நடக்கிற தூரம் குறைந்துகொண்டே வந்தது. "நடந்தாத்தான் சார் வலிக்குது" என்று நான் சொல்லாமல் இல்லை, சொன்னேன், அவர் எழுதிக்கொண்டிருந்தார். சிகரெட் குடித்தது நான், ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், அதை ஒத்துக்கொள்கிறேன், அது அந்தக் குழாய்க்குள் என்ன செய்யும் என்று டாக்டரம்மா படம் போட்டுக் காட்டின அன்றைக்கே விட்டுவிட்டேன். ஆனால் வெந்நீர்? வெந்நீர் யார் சொன்னது? "பாதம் ஜில்லுன்னு இருக்குதுங்க சார், மரத்துப் போகுது" என்றேன். "வெந்நீர்ல கொஞ்ச நேரம் வச்சிரு" என்றார். வைத்தேன். ரத்தம் போகாத கால், சூடு தெரியவில்லை, பஞ்சவர்ணம் வந்து பார்க்கும்போது சுண்டு விரல் தோல் வெந்து வழன்று கிடந்தது. அது ஆறவே இல்லை. நீலமாகி, கறுப்பாகி, ஒரு வாசனை. சேலைக்குள் வைக்கிற கற்பூர உருண்டையைப் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினேன். அந்த வாசனையை ஞானசிகாமணியின் கூடத்தில் கொண்டுபோய் வைக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

நூற்றித் தொண்ணூறு. வருகிறது. இன்னும் பத்து வை, டாக்டரம்மா கொஞ்சம் தாங்கச் சொல்லியிருக்கிறார், கொஞ்சம் தாங்கினால்தான் புதுக் குழாய் முளைக்குமாம். இருநூறு. நில். இது பாத்திரக் கடை. எவர்சில்வர் குடத்தில் என் முகம் அகலமாகத் தெரிகிறது, தாடை இறுகிக் கிடக்கிறது. பத்து நிமிஷம். அவ்வளவுதான் ஆனது டாக்டரம்மாவுக்கு, இது என்ன நோய் என்று கண்டுபிடிக்க. பெரியாஸ்பத்திரியில் அந்த நீளமான வராந்தாவில் இருந்து என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள், என் மகள் வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. பாதத்துக் கட்டுத் துணியை அவிழ்த்தார், மூக்கைச் சுளிக்கவில்லை. பாதத்து மேல் பக்கம் இரண்டு விரலை வைத்து நாடி தேடினார், பிறகு கணுக்கால் எலும்புக்குப் பின்னால், பிறகு முழங்காலுக்குப் பின்னால், பிறகு தொடை இடுக்கில். "நடந்தா வலிக்குமா? நின்னா போயிருமா, இல்ல உக்காந்தாத்தான் போகுமா?" நின்னாலே போயிரும்மா என்றேன். "முதுகுல இருந்து வர்ற வலின்னா நின்னா சட்டுனு போகாதுங்க, உக்காரணும், இல்ல குனியணும்." அப்புறம் கையில் கட்டுகிற பிரஷர் பட்டையைக் கணுக்காலில் கட்டினார், பேனா மாதிரி ஒன்றைப் பாதத்தில் வைத்து ஒரு பெட்டியில் இருந்து சத்தம் கேட்டார். கையில் வைத்தபோது உஷ் உஷ் என்று துணி துவைக்கிற மாதிரி கேட்டது. காலில் தூரத்தில் யாரோ பெருக்குகிற மாதிரி. கையில் இருக்கிற பிரஷரில் பாதிகூடக் காலில் இல்லை என்றார். மறுநாள் தொடை வழியாகக் கம்பி விட்டு, மருந்து செலுத்திப் படம் எடுத்து, பலூனை வைத்து அடைப்பைப் பிளந்து, உள்ளே ஒரு வலைக் குழாயை வைத்தார்கள். இடது கால் வெதுவெதுப்பானது, வலது காலுக்கு நடைதான் மருந்து என்றார்கள். விரல் இரண்டும் போனது போனதுதான். அன்றைக்கு அந்தம்மா கேட்ட கேள்விதான் என்னை இத்தனை தூரம் நடக்க வைக்கிறது. "இத்தனை நாளா ஒருத்தரும் உங்க காலைத் தொட்டுப் பாக்கலையா?" இல்லம்மா என்றேன். ஒரு நிமிஷம் கழித்துச் சொன்னேன். அந்த ஒரு நிமிஷம் எதற்கு. களைப்பு, வேறென்ன. வலி போய்விட்டது, நட.

விளக்குத்தூண். திரும்பு. பூக்காரம்மா, இளநீர் வண்டி, ஆட்டோ, கைக்குழந்தையோடு ஒரு பெண், வழி விடு, வழி விடு, காலை மிதித்துவிடாதே தாயே. கூடத்தில் எப்படித் தொடங்குவது? பதினாறு விதமாக யோசித்து வைத்திருக்கிறேன். "சார், ஞாபகம் இருக்கா?" என்று சாதுவாக ஆரம்பிப்பது ஒன்று. எதுவும் பேசாமல் ஷூவைக் கழற்றிப் பாதத்தை அவர் மேஜை மேல், அந்தப் பிரஷர் பெட்டிக்குப் பக்கத்தில் தூக்கி வைப்பது ஒன்று, அது எனக்குப் பிடித்தது, ஆனால் கால் அவ்வளவு உயரம் எழுமா. கூடத்தைப் பார்த்து, "எல்லாரும் எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க, இந்த ஆளு காலைக்கூடத் தொட்டுப் பாக்க மாட்டாரு" என்று கத்துவது ஒன்று. அவர்கள் எழுந்து போக வேண்டும். ஒவ்வொருத்தராக, செருப்பை மாட்டிக்கொண்டு. அவர் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். கூடம் காலியாவதை அவர் பார்க்க வேண்டும், மறுநாளும் காலியாக இருக்க வேண்டும். ஏற்கனவே பாதி வேலையை நான் செய்தாயிற்று. கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன், டீக்கடையில், முடி வெட்டுகிற இடத்தில், பழைய கடையின் பில் போடுகிறவர்களிடம். நாலு வருஷம் என் காலை அந்த மனுஷன் தொடவில்லை. முதலில் அவ்வளவுதான் சொன்னேன். ஒருத்தர், "தொட அருவருப்புப் பட்டிருப்பாரு" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த தடவை அதை நானே சேர்த்துச் சொன்னேன். இன்னொருத்தர், "நம்மள மாதிரி ஆளுக காலைத் தொட்டா அவருக்கு என்னத்துக்கு ஆகும்" என்றார், அதுவும் சேர்ந்துகொண்டது. இப்போது கதை நன்றாக ஊறியிருக்கிறது. எங்கள் சந்திலேயே மூன்று குடும்பம் அவரிடம் போவதை நிறுத்திவிட்டது. அதைக் கேட்ட அன்றைக்கு முந்நூறு தப்படி அதிகமாக நடந்தேன்.

இருநூற்றிப் பதினெட்டு. நிற்கிறேன். வளையல் கடை. இந்தத் தடவை கயிறு இல்லை, பல். எதுவோ கடிக்கிறது, கடித்துக்கொண்டே விடமாட்டேன் என்கிறது. நிற்கும்போது வேறு எதையாவது நினைக்க வேண்டும். அவர் முகத்தை நினை. வெள்ளை மீசை, மூக்கின் நுனியில் கண்ணாடி. அந்தக் கண்ணாடியோடுதான் அம்மாவைப் பார்க்க வந்தார். இல்லை, அதை நினைக்காதே, வெந்நீரை நினை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த மூன்று வாரமும் தினம் காலையில் கிளினிக் போகிற வழியில் சந்துக்குள் வந்தார், கூப்பிடாமலே வந்தார், கடைசி நாள் அம்மாவின் கண்ணை மூடியது அவர் கைதான். சரி, அதற்கு என்ன, அதற்கு விலையாக என் இரண்டு விரலா? வெந்நீரை நினை. பெல்ட்டை நினை. அம்மா போன நாலாம் மாசம் நான் கால் வலி என்று அவரிடம் போனேன், அந்த முதல் நாள், அன்றைக்கு மழை, வேண்டாம். நட. இன்னும் வலி போகவில்லையே, எப்படி நடப்பது. கண்ணாடி வளையல், பிளாஸ்டிக் வளையல், பச்சை, அரக்கு. அன்றைக்கு மழை. சாக்கடைத் தண்ணியை மிதித்துக்கொண்டு போயிருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, "நடந்தா காலு வலிக்குதுங்க சார்" என்றேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். தள்ளிவிட்டு, வேண்டாம் என்றால் கேட்கிறதா இந்த மனசு, தள்ளிவிட்டு என் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். "காலைக் காட்டுப்பா" என்று கையை நீட்டினார். அம்மாவின் கண்ணை மூடிய கை. என் பாதத்தைப் பார்த்தேன், வெடிப்பு வெடிப்பாக, வெடிப்புக்குள் கறுப்பு, ஈரம், சேறு. வெடுக்கென்று ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். "ஐயையோ சார், நீங்க போயி என் காலைத் தொடுறதா! அம்மாவுக்கு நீங்க செஞ்சதுக்கு நான்ல உங்க காலைத் தொடணும்!" தொட்டேன். எழுந்து, குனிந்து, அந்த மனுஷனின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் சிரித்தார். முட்டியில் கையை ஊன்றி எழுந்தார். "சரி, விடு. திரும்பு, முதுகைக் காட்டு" என்றார்.

வலி போய்விட்டது, ஆனால் நான் நிற்கிறேன். வளையல்காரர் என்னைப் பார்க்கிறார். திரும்பிப் போய்விடலாம். அறுநூற்றுச் சொச்சம் வந்தாயிற்று, திரும்பினால் அறுநூற்றுச் சொச்சம், போனால் நானூறுக்குள். போய் என்ன சொல்வது? "நீதானப்பா இழுத்துக்கிட்ட" என்று அவர் கேட்டுவிட்டால்? கூடம் முழுக்கச் சிரிக்கும். கடைத்தெருவில் நான் ஊறவைத்த கதை அப்படியே என் தலையில் கவிழும். ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை, பஞ்சவர்ணத்திடம்கூட. அவள் காலையில் என் விரலை விலக்கிப் பார்க்கிறாளே, அப்போதுகூட முதல் தடவை அவள் கையில் இருந்து பாதத்தை இழுத்தேன். அவள் என்ன செய்தாள்? "சும்மா கிடங்க" என்று கணுக்காலைப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். அவள் விடவில்லை. அட, அவள் விடவில்லையே. ஒன்று, இரண்டு, மூன்று. நடக்கிறேன். தெற்குமாசி வீதி, எந்தப் பக்கம் பார்த்தாலும் சேலை. முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை அம்மா என்னிடம் "வேணாம்" என்று சொல்லியிருப்பார்கள்? வேணாம்ப்பா, எடுத்துப் போடாதே, மடிக்கிற வேலை உனக்குத்தான். அப்போது நான் சேலையை மடித்துக்கொண்டு சும்மா இருந்தேனா? வேணாம் என்கிற அம்மாதான் வாங்குகிற அம்மா, எங்கள் கடையில் புதிதாகச் சேர்கிறவனுக்கு முதல் நாள் சொல்கிற பாடம் அது. "வாங்க வேணாம்மா, சும்மா பாருங்க" என்று இன்னொன்றை விரித்துப் போடுவேன், தோளில் வைத்துக் காட்டுவேன், கண்ணாடி முன் நிறுத்துவேன். ஒரு சேலைக்கு நான் அவ்வளவு செய்தேன். ஞானசிகாமணி, நீ ஒரு காலுக்கு என்ன செய்தாய்? நான் இழுத்தேன், சரி. கூச்சத்தில் இழுத்தேன், மரியாதையில் இழுத்தேன், அறிவு கெட்டு இழுத்தேன். எனக்கு என்ன தெரியும், காலில் நாடி இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். தெரிந்துதானே குனிந்தாய்? கை அங்கே வந்தது, இரண்டு விரல் அகலம்தான் மிச்சம். "சும்மா கிடடா" என்று ஒரு அதட்டுப் போட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா? என் கும்பிடு உனக்குச் சுகமாக இருந்தது. சிரித்துக்கொண்டு எழுந்துவிட்டாய். அருவருப்புப் பட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. சரி, விடு. என் விரல் இரண்டும் அந்த "சரி, விடு"வில் போயின.

கடைசியாக எங்கே நின்றேன், எத்தனை எண்ணினேன், தெரியவில்லை. எண்ணிக்கையை விட்டுவிட்டேன். சந்துக்குள் திரும்பும்போது கால் எரிந்தது, எரியட்டும் என்று வந்துவிட்டேன். வாசலில் செருப்புக் குவியல். நான் ஷூவோடு உள்ளே போனேன். கூடத்தில் பெஞ்சு நிறைய ஆள், மூலையில் அவர் மேஜை, தடுப்பு கிடையாது, அவர் யாரிடம் என்ன கேட்டாலும் எல்லாருக்கும் கேட்கும். டோக்கன் கொடுக்கிற மேரி சிஸ்டர், "அண்ணே, டோக்கன் போட்டுட்டு உக்காருங்க, செருப்பை வெளிய விடுங்க" என்றார். நான் நேராக ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். நான் பார்க்காத ஆறு மாசத்தில் இன்னும் வயசாகியிருந்தது அவருக்கு, கழுத்துச் சதை தொங்கியது. "யாரு, சோலைராசா? வாப்பா. இடுப்பு எப்படி இருக்கு?" என்றார். பதினாறு விதமும் மறந்துபோனது. குனிந்து இடது ஷூவைக் கழற்றினேன், பஞ்சை எடுத்தேன், பாதத்தை நீட்டினேன். பெஞ்சில் யாரோ, "அய்யோ சாமி" என்றார்கள். அவர் கண்ணாடியை மேலே ஏற்றிப் பார்த்தார். "என்னப்பா இது? எப்ப எடுத்தாங்க? சுகரா?" "மாசியில எடுத்தாங்க. சுகர் இல்ல சார். ரத்தக்குழாய் அடைப்பு. நாலு வருஷமா அதுதான் இருந்திருக்கு. இடுப்புல ஒண்ணுமே இல்ல." அவர் என்னைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். "காலைப் பாத்திருப்பேனே" என்றார். "பாக்கல சார்." "பாத்திருப்பேனேப்பா, பாக்காம இருக்க மாட்டேனே" என்று மேஜையில் எதையோ தேடினார், என் பழைய சீட்டு அதில் கிடக்கிற மாதிரி. அவருக்கு ஞாபகமே இல்லை. குனிந்ததும் இல்லை, நான் இழுத்ததும் இல்லை, எதுவுமே இல்லை. இருபது பேருக்கு முன்னால் அந்த மனுஷன் தடுமாறிக்கொண்டிருந்தார், அப்படியே எழுந்து போனால் ஊர்க் கதை ஊர்க் கதையாகவே இருக்கும், நான் கேட்டது கிடைத்தாயிற்று. எனக்குப் போதவில்லை. செய்யாத அருவருப்புக்காக அவர் கூனிக் குறுகி எனக்கு என்ன ஆகப்போகிறது. செய்ததற்குக் குறுக வேண்டும். "குனிஞ்சீங்க சார்" என்றேன், பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி. "மொத நாளு இந்த இடத்துல என் முன்னாடி குனிஞ்சீங்க. நான்தான் காலை இழுத்துக்கிட்டேன். கூச்சமா இருந்துச்சு. இழுத்தது நான், இல்லங்கலை. ஊர்ல வேற மாதிரி சொல்லிட்டுத் திரிஞ்சேன், அது பொய்யி. ஆனா நீங்க ஏன் சார் விட்டீங்க?"

மேரி சிஸ்டர் ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஞானசிகாமணி ஏதோ சொல்லப் போகிறார், வயசு, கூட்டம், நீதானேப்பா, ஏதாவது ஒன்று, சொல்லட்டும், சொன்னால் அதற்கும் பதில் வைத்திருந்தேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். மேஜையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார். "சார், முட்டி" என்று மேரி சிஸ்டர் ஓடி வந்தார், அவரைக் கையால் விலக்கினார். தரையில் உட்கார்ந்து என் வலது ஷூவின் கயிற்றை அவிழ்த்தார், முடிச்சு லேசில் வசப்படவில்லை, நான் உதவி செய்யவில்லை. காலுறையை உருவினார். கை பாதத்தில் பட்டதும் கால் தானாகப் பின்னால் போனது, சத்தியமாக நான் இழுக்கவில்லை, அது தானாகப் போனது. கணுக்காலை எட்டிப் பிடித்துக்கொண்டார். இறுக்கிப் பிடித்தார், வலித்தது. இப்போது பிடிக்கிறாய். இரண்டு விரலைப் பாதத்தின் மேல் வைத்தார், கண்ணை மூடினார், கொஞ்சம் நகர்த்தினார், மறுபடி வைத்தார், கணுக்கால் எலும்புக்குப் பின்னால் போனார், திரும்பி மேலே வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள், ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. நெற்றியில் வேர்வை இறங்கி அவர் கண்ணாடியில் சொட்டியது. "நாடி கிடைக்கலையேப்பா" என்றார் தரையில் இருந்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல். கிடைக்காது. பெரியாஸ்பத்திரியிலேயே அந்தக் காலில் விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை, மிஷினை வைத்துத்தான் கேட்டார்கள். அதை நான் சொல்லவில்லை. "தேடுங்க சார்" என்றேன்.